புள்ளி தூசி அல்ல
1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு லிபியில் அச்சான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை ஒரு நூலகத்தின் ஸ்கேனில் திறந்தேன். கறுப்பு வெள்ளை. கூடவே ‘டீஸ்பெக்கிள்’ வேறு போட்டிருக்கிறார்கள், சின்னப் புள்ளிகளையெல்லாம் தூசி என்று அழிக்கும் வசதி. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நிரலுக்குச் சங்கீதம் தெரியாது, சரி, இயக்கியவருக்குமா தெரியாது? ஸ்வரத்தின் மேல் புள்ளி வைத்தால் தாரஸ்தாயி, கீழே வைத்தால் மந்தரஸ்தாயி. கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் கோத்தவர் தீட்சிதர். இங்கே பாதி காணோம்.

கேட்டால், “சார், பக்கம் படிக்க முடியுதுல்ல?” என்கிறார்கள். சாகித்யம் படிக்கலாம், பாடத்தான் முடியாது. பாக்கின் கையெழுத்துப் பிரதிகளை பெர்லின் அரசு நூலகம் வண்ணத்தில், கறையோடு இணையத்தில் வைத்திருக்கிறது. எது கறை, எது ஸ்வரம் என்று வாசிப்பவன் பார்த்துக்கொள்வான். இங்கே வட்டில் இடமில்லையாம். மூலப் பிரதியையாவது பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வையுங்கள்.