குளிர் கேட்கும் மரம்

மதுரையிலிருந்து ஒரு சகோதரி, “நாலு வருஷமாகியும் ப்ளம்ஸ் மரம் பூக்கவே இல்லை, என்ன உரம் போடட்டும்?” என்று கேட்டிருக்கிறார். உரத்தில் இல்லையம்மா விஷயம்! இலையுதிர்த்து, வாரக்கணக்கில் குளிரில் தூங்கி எழுந்தால்தான் இது மொட்டு விடும். உங்கள் ஊருக்குக் கொய்யாதான் சரி.

மலைப் பக்கத்தவர்கள் ‘சான்டா ரோஸா’ ரகம் வைத்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் உருவாக்கி 1906-ல் வெளியிட்டது. துணை மரம் இல்லாமலே காய்க்கும். பிஞ்சுகள் நெருக்கமாகப் பிடித்தால், நாலு அங்குலத்துக்கு ஒன்றாக விட்டு மற்றதைக் கிள்ளி விடுவேன். மனசு கேட்காதுதான், ஆனால் விட்டால் பழம் சிறுத்துப் போகும், பாரம் தாங்காமல் கிளையும் முறியும்.

குழந்தைகள் கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை மென்றால் வயிற்றில் சயனைடு விஷம் உண்டாகும்.