ரோட்டில் புலி, வரிசையில் பூனை!

இந்தத் தடவை கொஞ்சம் காரமாத்தான் எழுதப் போறேன். வருத்தப்படுறவங்க தாராளமா வருத்தப்பட்டுக்கோங்க. வெளியூர்ல குடும்பம் நடத்துற நம்ம ரங்கமணிகளுக்கு ஸ்டியரிங்கைப் புடிச்சா வர்ற கோபத்தைப் பத்தின விஷயம் இது. "என்ன செய்ய, சட்டுனு கோபம் வந்துடுச்சு"ன்னு சொல்றாங்க பாருங்க, அது சுத்தப் பொய். கோபம் தானா வரலை. எதிர்ல நிக்கிற ஆளை எடை போட்டுப் பார்த்துட்டுத்தான் கூப்பிடுறாங்க.

முதல்ல நம்ம கதை. சித்தூர்ல பேங்க் உத்தியோகம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், ரோடு வழியா 600 கிலோமீட்டருக்கு மேல. இங்க நானும் தங்கமணியும் மட்டும்தான். கேஷ் டேலி ஆகி வீடு வந்து சேர ராத்திரி ஆயிடும். 2015 செப்டம்பர்ல இருந்து ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவு கிடைச்சதுதான் எங்க குடும்ப வாழ்க்கைக்கு மூச்சு விட நேரம். அன்னைக்குத் திருப்பதி போவோம். கடை, ஒரு சினிமா, நல்ல சாப்பாடு. அதுலயும் பாதி நாள் ஊர்ல இருந்து தரிசனத்துக்கு வர்ற சொந்தக்காரங்களை ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டுப் போற வேலையிலயே போயிடும்.

பண்டிகை இன்னும் மோசம். பேங்குக்கு லீவு அந்தந்த மாநிலம் சொல்றதுதான். நம்ம ஊர்ல சதுர்த்தசி விடியக்காலை எண்ணெய் தேச்சுக் குளிச்சு தீபாவளியை முடிச்சிருப்பாங்க. இங்க அமாவாசை சாயங்காலம்தான் தீபாவளி. ரெண்டும் ஒரே தேதியில விழாத வருஷம் அம்மா போன்ல "பலகாரத்தை எடுத்து வச்சிருக்கேன்"னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். கிடைக்கிற ரெண்டு நாளைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுற பொழப்பு நம்மளுது. அதனால அவசரம் எனக்குப் புரியாம இல்லை. அந்த அவசரத்தைச் சாக்கா வச்சு நடக்கிற அட்டகாசம்தான் புரியலை.

ஒரு ரெண்டாவது சனிக்கிழமை. சந்திரகிரி தாண்டி திருப்பதி போற வழியில வண்டிங்க ஊர்ந்துக்கிட்டு இருந்தது. எங்களுக்கு முன்னாடி ஒரு தமிழ்நாட்டு நம்பர் கார். ஓட்டினவருக்கு நாற்பது வயசு இருக்கும். பக்கத்து சீட்ல மனைவி, மடியில மூணு நாலு வயசுக் குழந்தை. ஓரமா வந்த ஒரு ஆட்டோ அவரோட கண்ணாடியை உரசிடுச்சு. மனுஷன் இறங்கிப் போய் ஆட்டோக்காரரோட சட்டையைப் புடிச்சுட்டார். ஆட்டோக்காரருக்கு அறுபதுக்கு மேல இருக்கும். புரியாதுங்கற தைரியத்துல வாயில வந்த தமிழ்க் கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. அந்தப் பெரியவர் நிதானமா, "தம்பி, எனக்கும் தமிழ் தெரியும். முதல்ல கண்ணாடியைப் பாருங்க"ன்னார். கண்ணாடி மடங்கி இருந்துச்சு, அவ்வளவுதான். கீறல் கூட இல்லை.

காருக்குள்ள இருந்து அந்தப் பொண்ணு, "விடுங்க, பாப்பா அழுவுது"ன்னாங்க. உடனே இவர் திரும்பி, "நீ வாயை மூடிட்டு உக்காரு"ன்னு ஒரு கத்து. நான் இறங்கிப் போய்ப் பெரியவரை இந்தப் பக்கம் இழுத்தேன். அதுக்குள்ள பின்னாடி நின்ன லாரியில இருந்து டிரைவர், கிளீனர், இன்னும் ரெண்டு பேர் இறங்கி வந்து "ஏமி சார்?"னு கேட்டாங்க. அவ்வளவுதான், கை சட்டையை விட்டுடுச்சு. குரல் இறங்கிடுச்சு. "ஒண்ணுமில்ல பிரதர்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டார்.

வண்டியில ஏறினதும் தங்கமணி சொன்னாங்க: "இனி ராத்திரி வரைக்கும் அந்தப் பொண்ணுக்குத்தாங்க கஷ்டம். அங்க தோத்ததை வேற யாருகிட்ட காட்டுவாரு?"

யோசிச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல மூணு முடிவு. வயசானவர், தனி ஆள், அதனால கோபம் வந்தது. மனைவி, அதனால இன்னும் கொஞ்சம் வந்தது. நாலு பேர் எதிர்ல நின்னதும் போயிடுச்சு. கோபத்துக்குக் கண்ணில்லைன்னு யார் சொன்னது? நல்லாவே தெரியுது!

இதே ஆசாமி மறுநாள் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ்ல மணிக்கணக்கா குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னிருப்பார். ஒரு சத்தம் வராது. ரீஜனல் மேனேஜர் திட்டினா கேட்டுக்கிட்டு நிக்கிற ஆளுங்கதானே நாம எல்லாரும்? திருமலை மலைப்பாதையைப் பாருங்க. ஏறுறதுக்கு ஒரு ரோடு, இறங்குறதுக்கு ஒரு ரோடு. கிளம்புற இடத்துல நேரம் போட்ட சீட்டு குடுத்து, ஏற 28 நிமிஷத்துக்குள்ளயோ இறங்க 40 நிமிஷத்துக்குள்ளயோ போய்ச் சேர்ந்தா அபராதம்னு தேவஸ்தானம் விதி வச்சது. முந்திப் போனா காசு போகும்னு தெரிஞ்சதும், கீழ பேய் மாதிரி ஓட்டினவங்க மேல பசு மாதிரி போனாங்க. அடக்க முடியாத கோபம், திருத்த முடியாத அவசரம்னு ஒண்ணுமே இல்லைங்க.

கணக்குல பார்த்தாலும் உதைக்குது. சித்தூர்ல இருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். 60-ல போனா 70 நிமிஷம், 80-ல போனா 53 நிமிஷம். உயிரைப் பணயம் வச்சு மிச்சம் பிடிக்கிறது 17 நிமிஷம். ஒரு சட்டைப் பிடிச் சண்டைக்கே அரை மணி நேரம் செலவு. பி.காம். முதல் வருஷப் பையன் கூட இதை நஷ்டம்னுதான் எழுதுவான்.

பெரிய நஷ்டமும் உண்டு. 1988 டிசம்பர் 27, பாட்டியாலா. வண்டியை வழியை விட்டு எடுக்கச் சொன்னதுல ஆரம்பிச்ச தகராறு. அடிபட்ட 65 வயசுப் பெரியவர் இறந்துட்டார். வழக்குல சிக்கினவர் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து. விடுதலை, மூணு வருஷ தண்டனை, அப்புறம் 2018-ல சுப்ரீம் கோர்ட் போட்ட 1,000 ரூபாய் அபராதம்னு வழக்கு மாறி மாறிப் போச்சு. கடைசியில 2022 மே 19 அன்னைக்கு அதே சுப்ரீம் கோர்ட் ஒரு வருஷம் கடுங்காவல்னு சொல்லிடுச்சு. 33 வருஷம் கழிச்சு! அவருக்கு வக்கீல், பேர், பதவி எல்லாம் இருந்தது. நம்மகிட்ட என்ன இருக்கு? 2024 ஜூலைல வந்த புதுச் சட்டப்படி சாதாரணமா அடிச்சுக் காயப்படுத்தினாலே ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா 10,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். வேலைக்கு என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

"வெளியூர்ல பயந்தா ஏறி மிதிப்பான் சார்"னு ஒரு நண்பர் வாதாடுறார். சரி, நியாயம் கேக்கணுமா? நம்பரைக் குறிச்சுக்கோங்க, 112-க்குப் போன் போடுங்க. பயந்தவன் செய்றது இல்லை இது, புத்தியுள்ளவன் செய்றது. அப்புறம் எது வெளியூர்? இந்த சித்தூர் ஜில்லாவே 1911-ல மெட்ராஸ் மாகாணத்துல உருவானது. 1953-ல ஆந்திரா போச்சு. 1960-ல திருத்தணி நம்ம பக்கம் வந்தது. 2022-ல திருப்பதியே தனி ஜில்லா ஆயிடுச்சு. கோடு எத்தனை தடவை மாறினா என்ன, அந்த ஆட்டோப் பெரியவர் மாதிரி ரெண்டு பாஷையும் பேசிக்கிட்டு ஜனங்க அங்கேயேதான் இருக்காங்க. நம்பர் பிளேட்டைப் பார்த்து எதிரி, சொந்தம்னு பிரிக்கிறது வெட்டி வேலை.

கடைசியா ஒண்ணு. இந்தப் புலிகளை வளர்க்கிறது நாமதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனா மச்சான் யாராவது திண்ணையில உக்காந்து, "வர்ற வழியில ஒருத்தன் சட்டையைப் புடிச்சேன் பாரு, ஆடிப் போயிட்டான்"னு ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்போம். இந்த வருஷம் சிரிக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அப்போ அக்கா முகம் எப்படி இருந்துச்சு? புள்ள என்ன பண்ணுச்சு?" அதுக்கு அவர் பதில் சொல்லிட்டு அப்புறம் மீதிக் கதையைச் சொல்லட்டும்.