மீனோடு சேர்த்துத் தொட்டிக்கும் வைத்தியம்!

கேள்வி: ''எங்கள் வீட்டில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் ஏஞ்சல், மோலி, கப்பி, ஒரு சக்கர் மீன் என எல்லாவற்றையும் சேர்த்து வளர்க்கிறோம். பொங்கலுக்கு முன் என் மகள் தொட்டியை முழுவதும் காலி செய்து, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினாள். அன்றைக்கே சந்தையில் வாங்கிய இரண்டு மோலி மீன்களையும் விட்டோம். ஒரு வாரத்தில் ஏஞ்சல் மீனின் உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அதைத் தனி வாளியில் எடுத்து விட்டோம். இப்போது மற்ற மீன்களுக்கும் புள்ளி வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர், காய்ச்சலுக்குப் போடும் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டச் சொல்கிறார். 'கிணற்றிலோ பண்ணைக்குட்டையிலோ விட்டால் பிழைத்துக்கொள்ளும்' என்று மகள் அழுகிறாள். குட்டையில் கட்லா, ரோகு குஞ்சுகள் விட்டிருக்கிறோம். என்ன செய்யலாம்?''

- வாசகி, தர்மபுரி மாவட்டம்.

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. அந்த மீன்களைக் குட்டையில் விடாதீர்கள். கிணற்றிலும் வேண்டாம். உங்கள் தொட்டியில் வந்திருப்பது வெண்புள்ளி நோய். 'இக்' என்று மீன் கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியால் வருகிறது. நன்னீர் மீன் எதையும் இது விட்டுவைக்காது. கட்லா, ரோகுக் குஞ்சுகளுக்கும் வரும். தொட்டியில் ஆறு மீனோடு நிற்க வேண்டிய நஷ்டத்தைக் குட்டை வரைக்கும் கொண்டுபோக வேண்டாம். தொட்டிக்குப் பயன்படுத்திய வாளி, வலை, குழாய் எதையும் குட்டையில் முக்காதீர்கள். நல்ல வெயிலில் முழுக்கக் காயவைத்தால் ஒட்டுண்ணி செத்துவிடும்.

சக்கர் மீனைப் பொறுத்தவரை, நோய் இல்லாவிட்டாலும் அதை நீர்நிலைகளில் விடக்கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன் அது. தொட்டி வளர்ப்பாளர்கள் விட்டதால் நம் ஏரிகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது.

புள்ளிதானா என்று உறுதி செய்யுங்கள்

வெண்புள்ளி நோயில் ஒவ்வொரு புள்ளியும் ரவையைவிடச் சிறிதாக, தனித்தனியாகத் தெரியும். உடம்பு, துடுப்பு, வால் எல்லா இடத்திலும் இருக்கும். மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பை உரசும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும், தீனி எடுக்காது. பஞ்சுபோலத் திட்டாக இருந்தால் அது பூஞ்சணம். செதில்கள் விறைத்து, வயிறு உப்பியிருந்தால் அது வேறு நோய். தங்கமீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும், பக்கத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வெள்ளைப் பருக்கள் வரும். அது நோய் கிடையாது. மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

ஏன் வந்தது?

புது மோலியோடு ஒட்டுண்ணி வந்திருக்க வாய்ப்பு அதிகம். அது பரவ வழி செய்தது தண்ணீர். வயலில் யூரியா போட்டால், மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன அல்லவா? தொட்டியிலும் அதே வேலைதான் நடக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம். கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் அதை மாற்றிக் கொடுக்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவியதால் அவை அழிந்திருக்கும். தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் மீனுக்கு மூச்சு எரியும். அதோடு மார்கழி, தை மாதக் குளிர். தண்ணீரின் சூடு சட்டென்று இறங்கும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும். மூன்றும் சேர்ந்து கொண்டன.

ஒரு மீனைப் பிரித்தது போதாது

காயம், துடுப்பு அழுகல் போன்றவற்றுக்கு மீனைத் தனியாக எடுத்து வைத்தியம் பார்ப்பது சரி. வெண்புள்ளிக்கு அது பலன் தராது. காரணம், ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று.

நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி என்பது மீனின் தோலுக்கு அடியில் தின்று வளரும் ஒட்டுண்ணி. தோல் மூடியிருப்பதால் அப்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனைவிட்டு உதிர்ந்து, அடியில் கல்லில் ஒட்டி, கூடு கட்டிக்கொள்ளும். அதற்குள் நூற்றுக்கணக்காகப் பெருகி, குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும். இப்படி நீந்தும் நேரத்தில்தான் உப்போ மருந்தோ அவற்றைக் கொல்லும். இரண்டு மூன்று நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் தாமாகவே சாகும்.

ஆகவே, ஏஞ்சலை வெளியே எடுத்தபோதே அடியில் கூடுகள் இருந்திருக்கும். வைத்தியம் தொட்டி முழுவதற்கும் வேண்டும். புள்ளி மறைந்ததும் 'குணமாகிவிட்டது' என்று நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்த நேரத்தில் அடுத்த தலைமுறை அடியில் பெருகிக்கொண்டிருக்கும்.

இன்றே செய்ய வேண்டியவை

1. தண்ணீர் அளவு: தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். 60 நீளம், 30 அகலம், 25 உயரத்துக்குத் தண்ணீர் என்றால் 45 லிட்டர். அடியில் உள்ள கல்லைக் கழித்தால் சுமார் 40 லிட்டர். எந்த மருந்துக்கும் இந்தக் கணக்குத் தேவை.

2. தண்ணீர் மாற்றம்: தினமும் 10 லிட்டர். மேலாக மொண்டு எடுக்காமல், ரப்பர் குழாயை அடிக்கல்லில் வைத்து உறிஞ்சி எடுங்கள். கூடுகளில் ஒரு பகுதியும் அழுக்கும் அதோடு போய்விடும். ஊற்றும் தண்ணீரை முந்தின நாளே வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து 24 மணி நேரம் திறந்து வையுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பிராண வாயு குறைவு என்பதால் அதையும் இப்படியே வைத்து ஊற்றுங்கள். கையை விட்டுப் பார்த்தால் தொட்டித் தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒரே சூடாக இருக்க வேண்டும்.

3. சூடு: 50 அல்லது 100 வாட் மீன் தொட்டி ஹீட்டர் போதும். ஒரு தெர்மாமீட்டரும் வாங்குங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக ஏற்றி, 29 டிகிரியில் நிறுத்துங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியும், மருந்தில் சீக்கிரம் மாட்டும். 25 டிகிரியில் சில நாட்களில் முடியும் சுற்று, 15 டிகிரியில் பத்து நாள் வரை இழுக்கும். கொதிக்கும் நீரை ஊற்றிச் சூடேற்றாதீர்கள்.

4. காற்று: சூடான தண்ணீரில் பிராண வாயு குறையும். செவுளிலும் ஒட்டுண்ணி இருப்பதால் மீன் ஏற்கெனவே திணறும். காற்று மோட்டார் இரவு பகல் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால், ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டிருங்கள்.

5. உப்பு: அயோடின் சேர்க்காத, வேறெதுவும் கலக்காத கல் உப்பு. முதல் நாள் லிட்டருக்கு 1 கிராம். உங்கள் தொட்டிக்கு 40 கிராம். மளிகைக் கடைத் தராசில் எடை போட்டு வாங்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். தனிப் பாத்திரத்தில் கரைத்து, அரை நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். மறுநாள் இன்னும் 40 கிராம். மோலி, கப்பி இரண்டும் இதை நன்றாகத் தாங்கும். சக்கர் மீன் தாங்குவது குறைவு. அது தவித்து ஓடினால் உடனே 10 லிட்டர் சாதாத் தண்ணீர் மாற்றி, அந்த அளவோடு நிறுத்துங்கள். தினமும் 10 லிட்டர் மாற்றும்போது, அந்த 10 லிட்டருக்கான 20 கிராம் உப்பை மட்டும் சேர்த்தால் போதும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. எனவே, குறைந்த நீரை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீரையே ஊற்றுங்கள். தொட்டியில் நீர்ச்செடி இருந்தால் உப்பில் வாடும், எடுத்துத் தனியாக வையுங்கள்.

6. தீனி: ஒரு வேளை மட்டும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மீதம் இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் தீனி இல்லாவிட்டாலும் வளர்ந்த மீன் சாகாது. மிச்சத் தீனி அழுகினால் சாகும்.

வாளியில் இருக்கும் ஏஞ்சலைத் தொட்டியிலேயே விட்டுவிடலாம். மற்ற மீன்கள் கொத்தினால் மட்டும் தனியே வைத்து, அதற்கும் இதே சூடு, இதே உப்பு, இதே காற்று கொடுங்கள்.

எத்தனை நாள்?

கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இதைத் தொடருங்கள். ஹீட்டர் இல்லாமல் செய்வதென்றால் இரண்டு வாரம். அதன்பின் சாதாத் தண்ணீரைச் சிறிது சிறிதாக மாற்றி உப்பைக் குறையுங்கள். இடையில் புள்ளிகள் திடீரென்று அதிகமானால் பயப்படாதீர்கள், சூட்டில் அவை வேகமாக வளர்வதால் அப்படித் தெரியும். மீன் இறந்தால் உடனே எடுத்து மண்ணில் புதையுங்கள். கால்வாயில் எறிய வேண்டாம். உப்புத் தண்ணீரையும் நாற்றுக்கோ குட்டைக்கோ விடாமல் காய்ந்த தரையில் ஊற்றுங்கள்.

கேப்ஸ்யூல் வேண்டாம்

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவுக்கான மருந்து. வெண்புள்ளி ஒட்டுண்ணியை அது ஒன்றும் செய்யாது. மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும். கடையில் கிடைக்கும் வெண்புள்ளி மருந்து வாங்கினால், லிட்டர் கணக்குப்படி பயன்படுத்துங்கள். சக்கர் போன்ற செதிலற்ற மீன்களுக்கான அளவு தனியே சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். மெத்திலீன் புளூ நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும் என்பதால் தனித் தொட்டியில் மட்டும் பயன்படுத்துவது நல்லது. மாலகைட் கிரீன் கலந்த மருந்தைச் சாப்பிடும் மீன் இருக்கும் குட்டைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இனிமேல்...

புது மீன் வாங்கினால் இரண்டு வாரம் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பையோடு தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். கல்லையும் ஃபில்டரையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். ஏஞ்சல் வளர்ந்தால் கப்பிக் குஞ்சுகளைத் தின்னும், அதையும் மனதில் வையுங்கள்.

குட்டை மீன்களில் புள்ளியோ, மேலே வந்து வாய் பிளப்பதோ தெரிந்தால், தாமதிக்காமல் உங்கள் மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் காட்டுங்கள்.

எல்லா மீனும் பிழைக்கும் என்று உறுதி கொடுக்க முடியாது. செவுள் அதிகம் பாதித்திருந்தால் ஒன்றிரண்டு போகலாம். ஆனால், தீனி எடுக்கும் மீன் பெரும்பாலும் தேறிவிடும். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: அவள் அக்கறையோடுதான் கழுவினாள், தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் இருப்பது அவளுக்குத் தெரியாது. ஒரு நோட்டில் தினமும் சூடு, மாற்றிய தண்ணீர், போட்ட உப்பு, எந்த மீன் தீனி எடுத்தது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டைப் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த முறை இதே கேள்வியோடு வரும் வீட்டுக்கு அது பயன்படும்.