மருந்து தொடங்கியபின் வரும் தலைவலி

மருந்து உட்கொண்டால் நோய் தணியும் என்பது உலகத்தார் நம்பிக்கை. உட்கொள்ளத் தொடங்கிய சில வாரங்களில் நோயாளி கடுந்தலைவலியால் துடித்து, பார்வை மங்கி, நினைவு தடுமாறுவாராயின் வீட்டார் என்ன எண்ணுவர்? அந்த மாத்திரைதான் மூளையைக் கெடுத்துவிட்டது என்று அதனை நிறுத்திவிடுவர். எச்.ஐ.வி. நோய்க்கு மருந்து உண்பவருள் சிலருக்கு இவ்வாறு நேர்வதுண்டு. வீட்டாரின் எண்ணத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் இத்திங்கள் இதனை எழுத முற்பட்டோம்.

எச்.ஐ.வி. கிருமி, உடலின் காவற்படையாகிய வெள்ளை அணுக்களை அழிப்பது. படை நலிந்த உடலில் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை மூளையுறைவரை சென்று குடியேறிவிடும். புறா முதலிய பறவைகளின் எச்சம் கலந்த மண்ணில் வாழ்வது இது, மூச்சோடு உட்புகுவது. காவலர் இன்மையால் உள்ளே பெரும் ஆரவாரமின்றித் தங்கியிருக்கவும் கூடும். மருந்து கிருமியை ஒடுக்கியதும் படை மீண்டும் உயிர் பெறுகிறது. பதுங்கியிருந்த பகைவனைக் கண்டு மூர்க்கமாகத் தாக்குகிறது. அத்தாக்குதலால் எழுவதே வீக்கம். மண்டையோடு விரிந்து கொடுக்காதாகையால் உள்ளே அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிறது. ஆகவே இது மாத்திரையின் நஞ்சன்று. மாத்திரையால் திரும்பிய வலிமையின் விளைவு. மறைந்திருக்கும் காசநோயும் இவ்வாறே கிளர்ந்தெழுவதுண்டு.

அங்ஙனமாயின் எப்போது தொடங்குவது? உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இப்பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் கண்ட 177 பேரிடம் ஆராய்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டனர். பூஞ்சைக்குரிய சிகிச்சை தொடங்கி ஓரிரு வாரங்களுக்குள் எச்.ஐ.வி. மருந்தும் பெற்றவருள் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 45 பேர் மாண்டனர்; ஏறக்குறைய ஐந்து வாரம் பொறுத்துப் பெற்றவருள் 30 பேர். இத்தகைய நோயாளிக்கு நான்கு முதல் ஆறு வாரம் தாமதிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் ஆகாதோ எனலாம். கொடுத்துப் பார்த்தனர். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இப்பூஞ்சைக் காய்ச்சலுற்ற 451 பேரிடம் நடந்த டெக்ஸாமெத்தசோன் சோதனையில் இறப்பு குறையவில்லை; உடல் ஊனமும் பிற தீங்குகளும் மிகுந்தமையால் சோதனையையே நிறுத்தினர் (2016). காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒருங்கே உடைய 240 பேருக்குக் கேப்டவுனில் நான்கு வாரம் பிரெட்னிசோன் அளித்தபோதோ, இக்கிளர்ச்சி நூற்றுக்கு 47-இலிருந்து 33 ஆகக் குறைந்தது (2018). ஒரே இனத்து மருந்து. ஓரிடத்தில் உதவி, ஓரிடத்தில் தீங்கு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்ததென்று கடையில் ஸ்டீராய்டு கேட்டு வாங்குவோர் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்கள் இவ்வரிகளை இருமுறை படிக்கவேண்டுகிறோம்.

மாத்திரையை நிறுத்துவதோ இதனினும் கொடிது. 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடந்த ஆய்வில், இடையிடையே மருந்தை நிறுத்தியவரே மிகுதியாக நோயுற்றனர், மிகுதியாக இறந்தனர் (2006). நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் அரசு இம்மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. தலைவலி கண்ட அன்றே மருந்து பெறும் நிலையத்து மருத்துவரிடம் செல்லவேண்டும். நிறுத்துவதா, தொடர்வதா, வேறு மருந்து சேர்ப்பதா என்பதை அவர் தீர்மானிப்பார்.

உண்மையான காப்பு மருந்து தொடங்குவதற்கு முன்னரே இருக்கிறது. வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்தவரின் இரத்தத்தில் இப்பூஞ்சையின் அடையாளம் உண்டா என எளிய சோதனையால் அறியலாம். உண்டெனில், மூளைக்காய்ச்சல் இல்லையென்று உறுதிசெய்து புளூக்கோனசோல் கொடுப்பர். தான்சானியாவிலும் சாம்பியாவிலும் இதனையும், முதல் வாரங்களில் வீடு தேடிச் செல்லும் உதவியையும் சேர்த்தளித்தபோது, ஓராண்டில் இறந்தோர் நூற்றுக்கு 18-இலிருந்து 13 ஆகக் குறைந்தனர் (2015). வீடுதோறும் சென்றவர் மருத்துவரல்லர், செவிலியருமல்லர். சிறிது பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து, உடம்பு எப்படியிருக்கிறதென்று கேட்டு வந்தனர்.