துருவும் இரும்பும்

மென்பொருள் துறையை விட்டு ஏழெட்டு ஆண்டுகள் விலகியிருந்து, மீண்டும் நுழைய நினைப்பவர்கள் ஏறத்தாழ ஒரே வாசகத்தைத்தான் சொல்கிறார்கள்: ‘எனக்குத் தெரிந்ததெல்லாம் பழசாகிவிட்டது.’ மகப்பேறு, பெற்றோரின் நோய், கணவரின் இடமாற்றம் என்று காரணங்கள் வேறுபடலாம். சொல்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது மட்டும் மாறுவதில்லை. இந்த வாசகம் பாதி உண்மை. பொய்யான மறுபாதிதான் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பது என் எண்ணம்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். 1998இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 ஒரு தலைமுறைக்கே சோறு போட்டது. அதன் நிரலாக்கச் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. வலைப்பக்கங்களை ஆடவும் பாடவும் வைத்த ஃபிளாஷ் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு விடைபெற்றது. 2005இல் பிறந்த கிட், 2013இல் வந்த டாக்கர் ஆகியவற்றை அறியாதவர் இன்று பல குழுக்களில் முதல்நாள் வேலையைக்கூடத் தொடங்க இயலாது.

ஆனால் எட்கர் காட் உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை முன்வைத்தது 1970இல். அதன்மேல் எழுந்த எஸ்க்யூஎல் மொழி அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்டது 1986இல். யூனிக்ஸின் வேர் 1969இல் இருக்கிறது. அர்பாநெட் டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது 1983 ஜனவரி முதல் நாள். இன்றைய மேகக் கணிமையின் பளபளப்பான திரைகளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் இவையே. துருப்பிடிப்பது மேற்பரப்பு, உள்ளே இரும்பு அப்படியே இருக்கிறது.

ஆகவே திரும்பி வருபவர் சான்றிதழ் வகுப்புகளை அடுக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அவை கருவிகளைக் கற்பிக்கின்றன. அந்தக் கருவி ஏன் தேவைப்பட்டது என்பதைக் கற்பிப்பது அரிது. மாறாக, முன்பு செய்து பழகிய ஒரு சிறு வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நூலகத்தின் இரவல் பதிவேடு போதும். அதை இன்றைய கருவிகளால் முழுமையாகக் கட்டி, சோதித்து, பிறர் பயன்படுத்தும்படி ஒரு வழங்கியில் ஏற்றிவிட வேண்டும். கோப்புகளை ‘புதியது’, ‘மிகப் புதியது’ என்று பெயரிட்டுச் சேமித்து அல்லற்பட்டவருக்கு, கிட் எதற்கென்று ஒரே மாலையில் விளங்கிவிடும். பழைய வலியை அறிந்தவருக்குப் புதிய மருந்தின் அருமை எளிதில் புரியும்.

‘இப்போது இயந்திரமே நிரல் எழுதுகிறதே, இனி எதற்கு இந்தப் பாடு?’ என்று கேட்கலாம். 2021இல் கிட்ஹப் கோபைலட்டும் 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வந்தபின் இந்தக் கேள்வி நியாயமானதே. என் விடை இது: எழுதுவது மலிவாகும்போது மதிப்பிடுவது விலையேறுகிறது. நூறு வரிசைகள் கொண்ட அட்டவணையில் நொடியில் விடைதரும் வினவல், தக்க சுட்டு இல்லாவிட்டால் பத்து லட்சம் வரிசைகளில் திணறும். இதை 2006இல் நள்ளிரவில் கண்டுபிடித்துத் திருத்தியவருக்கு, இயந்திரம் நீட்டும் நிரலிலும் அந்தப் பள்ளம் கண்ணில் படும். எனினும் முதல் சில மாதங்கள் இயந்திரத்தின் துணையின்றி எழுதிப் பார்ப்பது நல்லது. அறிவு தங்கியிருந்தாலும் விரல்கள் மறந்திருக்கும். அவற்றுக்குச் சாதகம் வேண்டும்.

கிரேஸ் ஹாப்பர் 1966இல் அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றார். மறு ஆண்டே, அறுபது வயதில், கோபால் மொழியின் பயன்பாட்டைத் தரப்படுத்துவதற்காக ஆறு மாதத்துக்கென்று திரும்ப அழைக்கப்பட்டார். இறுதியாக அவர் விடைபெற்றது 1986இல். 2020 ஏப்ரலில், வேலையிழந்தோரின் விண்ணப்பங்களால் பழைய கணினிகள் திணறியபோது, நியூ ஜெர்சி ஆளுநர் அதே கோபாலை அறிந்தவர்களைத் தேடி வெளிப்படையாக அழைப்பு விடுத்தார். தேவை நெருக்கினால், பழையது என்று எவரும் முகம் சுளிப்பதில்லை.

நெருக்கடி இல்லாத நாட்களில்தான் சிக்கல். நேர்காணலில் ‘இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வி விசாரணையின் தொனியில் வருகிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது, நல்லதுதான். ஆனால் அது பணியில் இருப்பவருக்கானது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பே விலகியவருக்கு அதில் இடமில்லை. டாட்டா குழுமம் 2008இல் இத்தகைய பெண்களுக்கென ஒரு மறுவருகைத் திட்டத்தைத் தொடங்கியது. இதுபோன்ற, ஊதியத்தோடு கூடிய சில மாதப் பயிற்சிப் பணிகள் ஒவ்வொரு பெரிய நிறுவனத்திலும் வழக்கமாக வேண்டும்.

இதைக் கருணை என்று நான் கேட்கவில்லை. கல்லூரியிலிருந்து நேரே வரும் இளைஞருக்கு மாதக்கணக்கில் ஊதியம் கொடுத்துப் பயிற்றுவிக்க இந்தத் துறை தயங்கியதில்லை. அடித்தளத்தை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்கு அதில் பாதிக் காலத்தை ஒதுக்கத் தயங்குவது சிக்கனம் ஆகாது. வெறும் வழக்கத்தின் பிடிவாதமே அது.