ஊரைப் பிடிக்கிற கை வேறு, ஊரை ஆளுகிற கை வேறு!



நன்றாகச் சண்டை போடுகிறவர்தான் நன்றாக ஆட்சியும் செய்வார் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஹாஸ்டலில் 'மவுண்ட் அண்ட் பிளேடு 2: பேனர்லார்டு' விளையாடும் கூட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். கத்தி எவ்வளவு, வில் எவ்வளவு, குதிரையேற்றம் எவ்வளவு என்று விரல் விட்டுச் சொல்வார்கள். "ஸ்டூவர்டு எவ்வளவுடா?" என்று கேட்டால் மட்டும், "அது எதுக்கு மச்சி, சோத்து டிபார்ட்மென்ட்!" என்று சிரிப்பு. அப்புறம் பாடுபட்டுப் பிடித்த ஊர் கலகம் செய்து கையை விட்டுப் போனதும், "கேம்ல ஏதோ பக் இருக்கு" என்பார்கள். கோளாறு கேமில் இல்லை நண்பர்களே, ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது!

விளையாடாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. துருக்கியின் அங்காரா நகரில் உள்ள டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய கேம் இது. 2020 மார்ச்சில் முன்னோட்டமாகவும், 2022 அக்டோபரில் முழுமையாகவும் வெளிவந்தது. கால்ரேடியா என்ற கற்பனை நாடு. அங்கே ஆண்டு 1084. கையில் நாலு ஆளோடு கிளம்பி, கூலிப்படையாகி, பின் ஓர் அரசரிடம் சேர்ந்து, கடைசியில் கோட்டைக்கும் ஊருக்கும் சொந்தக்காரர் ஆகலாம். ஊர் கைக்கு வந்தவுடன் அதற்கு ஒரு கவர்னரை நியமிக்க வேண்டும். அண்ணன், தங்கை, மனைவி, சத்திரத்தில் கூலி பேசிச் சேர்த்த தோழர் என்று உங்கள் குழுவில் உள்ள யாரையும் போடலாம். விஷயம் சூடு பிடிப்பது இங்கேதான்.

மொத்தம் 18 திறன்கள். ஆறு அடிப்படைக் குணங்களின் கீழ், குணத்துக்கு மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இதில் அறிவு என்ற குணத்தின் கீழ் வருபவை ஸ்டூவர்டு, மெடிசின், என்ஜினியரிங். அதாவது நிர்வாகம், மருத்துவம், பொறியியல். ஒரு நிலை உயர்ந்தால் ஒரே ஒரு கவனப் புள்ளி கிடைக்கும். குணத்தை உயர்த்தும் புள்ளியோ நான்கு நிலைக்கு ஒன்றுதான். எல்லாவற்றிலும் கெட்டிக்காரராக இருக்க முடியாது என்பதே இந்தக் கேமின் சட்டம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எல்லாப் புள்ளியையும் கத்தியிலே கொட்டிவிட்டு, ஊர் ஏன் உருப்படவில்லை என்று கேட்டால் எப்படி?

சரி, கவர்னராக யாரைப் போடுவது? என் கருத்தில் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: அவர் அந்த ஊர்ப் பண்பாட்டைச் சேர்ந்தவரா? ஊரின் சொந்தக்காரர் வேறு இனத்தவராக இருந்தால் தினமும் விசுவாசம் குறையும். கவர்னராவது அந்த ஊரோடு ஒத்த பண்பாட்டுக்காரராக இருந்தால் அந்தக் குறைவில் ஒரு பங்கு ஈடாகும். விசுவாசம் 25க்குக் கீழே போனால் கலகம் வெடிக்கும் ஆபத்து. ஆகவே புதிதாகப் பிடித்த ஊருக்கு, நம் குழுவின் பெரிய வீரரைவிட அந்த மண்ணைச் சேர்ந்த சுமாரான ஒருவரே மேல்.

இரண்டாவது கேள்வி: அவர் கற்ற வித்தை கவர்னர் நாற்காலியில் வேலை செய்யுமா? பெரும்பாலும் ஒரு திறன் 25, 50, 75 என்று ஏற ஏற, இரண்டு பலன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பல பலன்களுக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி அவருக்கோ அவர் படைக்கோ. மறு பாதி அவர் கவர்னராக உட்கார்ந்தால் மட்டும். நம் ஆட்கள் மேல் வரியைப் படித்துவிட்டு 'டக்'கென்று அமுக்கிவிடுகிறார்கள். கீழ் வரியில்தான் ஊர் இருக்கிறது! மெடிசினில் ஒரு பலன் பாருங்கள்: கவர்னர் ஊர்த் தெருக்களைச் சுத்தமாக வைத்தால் தினமும் ஊர் வளம் கூடும். வைத்தியம் தெரிந்தவர் காயத்துக்குக் கட்டுப் போட மட்டுமல்ல, சாக்கடையைச் சரி செய்யவும் வேண்டும் என்று யோசித்திருக்கிறார்களே, அவர்களைப் பாராட்ட வேண்டாமா?

மூன்றாவது கேள்வி: அவரை வேறு வேலையிலிருந்து பிடுங்கிப் போடுகிறோமா? ஸ்டூவர்டு நன்றாகத் தெரிந்தவர் நம் படைக்கும் தேவை. அவரைக் குவார்ட்டர்மாஸ்டர் ஆக்கினால் கூடுதல் ஆட்களைக் கூட்டிப் போகலாம். என்ஜினியரிங் தெரிந்தவர் முற்றுகையில் எந்திரம் கட்டத் தேவை. ஆனால் கவர்னர் என்றால் ஊரிலேயே இருந்தாக வேண்டும். படையோடு சுற்றிக்கொண்டே ஊரையும் ஆள முடியாது. ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டு பேரை வளர்க்க வேண்டும். நாயகருக்கே ஸ்டூவர்டில் புள்ளி போட்டு, படையில் பலவகை உணவையும் சுமந்து திரிந்தால் அந்தத் திறன் தானாக வளரும். பயிற்சி பெற்ற தோழரை நிம்மதியாக ஊருக்கு அனுப்பலாம். என்னைக் கேட்டால் இதுவே சிறந்த வழி.

நான்காவது கேள்வி: இந்த ஊரின் நோய் என்ன? வில், ஈட்டி போன்ற போர்த் திறன்களிலும் கவர்னர் பலன்கள் உண்டு. காவல்படைக்குப் பயிற்சி, ஊர்ப்படை பெருக்கம் என்று வரும். எதிரி எட்டிப் பார்க்கும் எல்லைக் கோட்டைக்கு அது சரி. ஆனால் மனம் கசந்த ஊரில் ஊர்ப்படையைப் பெருக்கினால் என்ன ஆகும்? கலகம் என்று வந்தால் அந்த ஊர்ப்படைதான் நம் காவல்படையை எதிர்த்து நிற்கும்! நம் கையாலேயே கத்தியைத் தீட்டிக் கொடுத்த கதை.

"அட போப்பா, காவல்படையை நிறையப் போட்டா ஊர் தானா அடங்கும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காவல்படை சும்மா நிற்காது, சாப்பிடும், சம்பளமும் கேட்கும். ஊருக்கு உணவு வருவது சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து. எதிரி கிராமத்தைக் கொள்ளையடித்தால் சந்தை காலி, அப்புறம் பட்டினி. கத்தியைக் காட்டி எத்தனை நாள் பசியை அடக்குவீர்கள்?

இது ஏதோ கேமுக்காகக் கட்டிய கதை என்று நினைக்க வேண்டாம். நிஜமான அந்தப் பதினோராம் நூற்றாண்டைப் பாருங்கள். நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் போரில் வென்றது 1066இல். அதோடு அவர் வேலை முடிந்ததா? 1085இல் ஆணையிட்டு, ஊர் ஊராக ஆள் அனுப்பி, ஏர் எத்தனை, ஆலை எத்தனை, நிலம் யாருடையது என்று கணக்கெடுத்தார். 1086இல் எடுத்த அந்த 'டூம்ஸ்டே' கணக்கில் 13,000க்கு மேற்பட்ட ஊர்கள் இடம் பெற்றன. வாளால் வந்ததை ஏட்டால் இறுக்கிக் கட்டினார்!

அதே காலத்தில் மேற்கு ஆசியாவில் செல்ஜுக் துருக்கியர் பேரரசு. 1071இல் மன்சிகர்ட் போரில் பைசாந்தியப் பேரரசரையே சிறைபிடித்தவர் சுல்தான் ஆல்ப் அர்சலான். அவருக்கும் அடுத்து அவர் மகன் மாலிக் ஷாவுக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அமைச்சராக இருந்து நிர்வாகம் செய்தவர் நிஜாம் அல்-முல்க். ஆட்சி முறை பற்றி அவர் எழுதிய 'சியாசத்நாமா'வில், ஒரே ஆளுக்கு இரண்டு பதவி கொடுக்காதே என்பதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். நம் மூன்றாவது கேள்வி அதுதானே? 1092இல் அவர் கொல்லப்பட்டார். சில வாரங்களில் சுல்தானும் மறைந்தார். பிறகு வாரிசுச் சண்டை. பேரரசு ஆட்டம் கண்டது.

இப்போது நம் வளாகத்துக்கு வருவோம். தேர்தல் என்றால் நாம் யாருக்குக் கை தட்டுகிறோம்? மைக்கைப் பிடித்து முழங்குகிறவருக்கு. கோரிக்கைக்காக முன்னால் நிற்க அந்தத் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மெஸ் கமிட்டிக்கு அரிசி விலையும் பில்லும் பார்க்கத் தெரிந்தவர் வேண்டாமா? ஹாஸ்டல் பராமரிப்புக்குக் குழாயும் மோட்டாரும் தெரிந்த அமைதியான பையனோ பெண்ணோ வேண்டாமா? எல்லாப் பொறுப்பையும் ஒரே நட்சத்திரத்தின் தலையில் கட்டிவிட்டு, ஆண்டு முடிவில் அவரையே திட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். டிப்ளமோ என்றால் ஏதோ ஒரு படி கீழே என்று நமக்குள்ளேயே ஒரு கூச்சம் இருக்கிறது. நாளை நம்மில் பலர் போகப்போவது சைட்டுக்கு, ஸ்டோருக்கு, மெயின்டனன்ஸுக்கு. கொடி ஏற்றும் நாளில் நம்மை யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் பம்பு நின்றால் ஊரே நம்மைத் தேடும். 'சோத்து டிபார்ட்மென்ட்' என்று சிரிக்கிறோமே, அதுதான் நாம் படிக்கிற படிப்பு! சிரிப்பது நம்மைப் பார்த்தே.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை விளையாட உட்காரும்போது இரண்டு புள்ளியாவது ஸ்டூவர்டில் போடுங்கள். அடுத்த முறை ஓட்டுப் போடும்போது, "இவர் நல்லாப் பேசுவாரா?" என்பதோடு, "இந்த வேலை இவருக்குத் தெரியுமா?" என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். பிடித்த கோட்டை நிலைக்கும்!