கார்பன் வீல் வாங்கப் போறீங்களா? எடையைக் கடைசியில் பாருங்க!

ரோடு சைக்கிளுக்கும் மவுன்டன் பைக்குக்கும் நடுவில் நிற்பது கிராவல் சைக்கிள். வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், 40 மி.மீ. அளவுக்கு அகலமான டயர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிற்றூரில் 2006இல் தொடங்கிய பந்தயம்தான் இன்றைய ‘அன்பவுண்ட் கிராவல்’. அதன் முக்கியப் பிரிவின் தூரம் 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ. முதலில் வருபவர்களுக்கே 8 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2022 முதல் கிராவலுக்குத் தனி உலக சாம்பியன்ஷிப்பும் நடக்கிறது.

இந்தப் பந்தயங்களில் இறங்குபவர்கள் சைக்கிளில் முதலில் மாற்ற நினைப்பது பெரும்பாலும் வீல்செட்டைத்தான். முன்பு கார்பன் வீல் என்றாலே பர்ஸ் காலி. இப்போது சீனாவின் ஷியாமென் போன்ற நகரங்களில் இருக்கும் தயாரிப்பாளர்கள் நேரடியாக விற்பதால், 500 முதல் 1,000 டாலருக்குள்ளேயே நல்ல ஜோடி கிடைக்கிறது. எல்லா விளம்பரமும் முதலில் காட்டுவது ஒரே எண்ணைத்தான்: எடை எத்தனை கிராம்?

300 கிராமுக்கு என்ன மதிப்பு?

சைக்கிளோடு வரும் அலுமினிய வீல்செட் 1,800 கிராம், புதிய கார்பன் ஜோடி 1,500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 300 கிராம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், இது 0.4 சதவீதம்கூட இல்லை. விடாமல் ஒரு மணி நேரம் மேடு ஏறினாலும் மிச்சமாவது 13 விநாடிதான். சக்கரம் சுழல்கிறது, அதனால் அதன் எடைக்கு இரட்டிப்பு மதிப்பு என்பார்கள். வேகம் எடுக்கும்போது அது ஓரளவு உண்மை. சீரான வேகத்தில் போகும்போது அந்தக் கணக்கு செல்லாது.

இன்னொரு பக்கம், கன்சாஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் பாதையில் கிடக்கும் கூரான கற்கள் டயரைக் கிழித்தால், நின்று சரிசெய்ய சில நிமிடங்களாவது போய்விடும். இத்தனை கிராமில் சேர்த்த விநாடிகள் எல்லாம் ஒரே பஞ்சரில் காலி!

சரி, அப்போ எதைப் பார்க்கணும்?

முதலில் ரிம். உள் அகலம் 23 முதல் 25 மி.மீ. இருந்தால் 40 மி.மீ. டயர் நன்றாக உட்காரும். அடுத்து, ‘ஹுக்லெஸ்’ ரிம்மா என்று கேளுங்கள். டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள ரிம்மின் உள்விளிம்பில் இருக்கும் கொக்கி போன்ற மடிப்பு இதில் இருக்காது. செய்வது சுலபம் என்பதால் விலை குறைந்த வீல்களில் இது அதிகம். இதற்கு டியூப்லெஸ் டயர்தான் போட வேண்டும். காற்றழுத்தம் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. கிராவலில் 30, 40 பிஎஸ்ஐ போதும் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் அதே வீலில் மெல்லிய டயர் மாட்டித் தார்ச்சாலையிலும் ஓட்டும் எண்ணம் இருந்தால், கொக்கி உள்ள ரிம்தான் நிம்மதி.

அடுத்தது ஹப். 2023 அன்பவுண்டில் மழையில் பாதை சேறாகி, பந்தயம் தொடங்கிய சில மைல்களிலேயே பலர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்தச் சேறு பேரிங்குக்குள் போனால் லேசான ரிம் இருந்து என்ன பயன்? ஊர்க் கடையில் பேரிங் கிடைக்குமா, பெரிய கருவி இல்லாமல் ஹப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்று பாருங்கள். தலை வளைந்த சாதாரண ஸ்போக் இருந்தால் கூடுதல் வசதி. உடைந்தாலும் வேறு ஸ்போக் எளிதில் கிடைக்கும், கடைக்காரரே மாட்டிக் கோட்டம் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

உடைந்தால் யார் பொறுப்பு?

கல்லில் பலமாக அடித்தால் அலுமினிய ரிம்மில் டொக்கு விழும். பல நேரம் தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். கார்பன் அப்படி இல்லை. சின்ன அடிகளைத் தாங்கிக் கோட்டம் விழாமல் நிற்கும். விரிசல் விட்டால் அந்த ரிம்மை மாற்றத்தான் வேண்டும். அதனால் உத்தரவாதத்தை வரிவரியாகப் படியுங்கள். தயாரிப்புக் குறைக்கு மட்டுமா, ஓட்டும்போது உடைந்தாலும் மாற்றித் தருவார்களா? இந்தியாவிலிருந்து ஆர்டர் செய்பவர்களுக்குச் சுங்க வரியும், பழுதான வீலைத் திருப்பி அனுப்பும் செலவும் சேரும். விலை மலிவாகத் தெரியும் வீல், இந்தக் கணக்கில் மலிவாக இல்லாமல் போகலாம்.

மொத்த பட்ஜெட்டையும் வீலுக்கே கொட்ட வேண்டாம். முதலில் தரமான டியூப்லெஸ் டயரும் சீலன்டும் வாங்குங்கள். வேகத்தில் உடனே தெரியும் மாற்றம் அதில்தான். மீதிப் பணத்தில் ஹப், ஸ்போக், உத்தரவாதம் மூன்றும் சரியாக இருக்கும் ஜோடிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவற்றில் எது லேசானது என்று அதற்குப் பிறகு பார்க்கலாம். மூன்றும் பட்ஜெட்டுக்குள் அடங்கவில்லையா? இருக்கிற அலுமினிய வீலிலேயே இந்த சீசனை ஓட்டிவிட்டு, அடுத்த சீசனுக்குச் சேர்த்து வையுங்கள்.